குமுளி இறக்கத்தில் பாய்லர்

குமுளி முகட்டில், பாதை கூடலூர்ப் பக்கம் தலைகுப்புற இறங்கத் தொடங்கும் இடத்தில், அந்தப் பாய்லர் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது.

மலைக்குள் ஆற்றை மறித்து அணை கட்டிய வேலை முடிந்து, மேலே ஏற்றிய சாமான்களையெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்த வருசம் அது. ரம்பம், பம்பு, இரும்புக் கம்பி எல்லாம் வண்டி வண்டியாக இறங்கிவிட்டன. கனமான ஒன்றிரண்டுதான் பாக்கி, அதில் பெரியது இது. நாலு இரும்புச் சக்கரத்தின் மேல் படுத்திருக்கும் பெரிய உருளை. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் முதுகு தெரியும். முன்னால் ஏர்க்கால் மாதிரி நீளமான இரும்புத் தண்டு. அதில்தான் மாடு பூட்ட வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு திருகு இருந்ததாம். காட்டு மழையில் துருவேறி ஒடிந்து எங்கேயோ விழுந்துவிட்டது. ஐப்பசி மழை வருவதற்குள் பாய்லர் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய ஒரே பொம்பளை நான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து வருகிற வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் வாசிக்கிற அளவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அணை வேலைக்குச் சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டிருந்தவர். இரண்டாவது வருசம் காட்டுக்காய்ச்சல் அவரைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம் வரும். வயிற்றில் கட்டி மாதிரி ஒன்று கல்லாக இறுகி நின்றது. வண்டியையும் மாட்டையும் தன்னிடம் விட்டுவிடும்படி கொழுந்தன் வந்து கேட்டான். கொடுக்க முடியாது என்றேன். பொம்பளை வண்டி ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்றான். சிரிக்கட்டும், பல்லு அவுங்க பல்லு என்றேன். மறுநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே மாட்டைப் பூட்டினேன். எங்களிடம் ஒரு மயிலை, ஒரு செவலை. இரண்டும் என் கையால் தவிடு தின்று வளர்ந்தவை. என் குரல் அவற்றுக்குப் புதிதில்லை.

ஊர் சிரித்தது. ஒரு மாசம் சிரித்தது. அப்புறம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

சாமான் இறக்கும் பொறுப்பை ஒரு மேஸ்திரி எடுத்திருந்தார். மதுரைப் பக்கத்து ஆள். தலைப்பாகை எப்போதும் புதிதாகக் கட்டினது மாதிரியே இருக்கும். அவரிடம் ஒரு வெள்ளைக் காளைச் சோடி இருந்தது. ஒரு நாளும் பாரம் இழுத்ததில்லை. அவர் ஏறி வருகிற வில்வண்டிக்கு மட்டும்தான் அவை. அன்றைக்குக் காலையில் வண்டிக்காரர்கள் எல்லாரையும் முகட்டில் கூட்டி வைத்துச் சொன்னார்:

“எட்டுச் சோடிய முன்னால பூட்டுங்க. ஏத்தும்போதும் எட்டுச் சோடிதான் ஏத்துச்சு. சாயங்காலத்துக்குள்ள கீழ போய்ச் சேந்திரணும்.”

 எட்டுப் பேரில் ஒருத்தியாக என்னையும் கை காட்டினார். நான் வண்டியைவிட்டு இறங்கி முன்னால் போனேன்.

“ஏத்துனது மேட்டுல மேஸ்திரி ஐயா. இது இறக்கம்.”

“அதுக்கென்ன?”

“இறக்கத்துல அத யாரும் இழுக்க வேணாம். அது தானாப் போகும். போக விடாமப் பிடிக்கத்தான் மாடு வேணும். முன்னால எட்டுச் சோடியக் கட்டுனா, எட்டையும் மிதிச்சுக்கிட்டு வந்திரும்.”

அவர் என்னைப் பார்க்காமல் என் வண்டியைப் பார்த்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நடுக்கம் வருகிற நாள்.

“ஏப்பா, ஒம் பொண்டாட்டிய உள்ள கூப்பிடு. ஆம்பளைக பேசுற எடத்துல என்ன வேல அவளுக்கு?”

கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “ஏ புள்ள, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. சொல்றபடி கேட்டுட்டுப் போயிருவோம்.”

மேஸ்திரி சொன்னதுகூட எனக்குக் கோபமாகப் படவில்லை. இவர் சொன்னதுதான் தலைக்கு ஏறியது.

“எஞ்சோடியப் பூட்ட மாட்டேன்” என்றேன்.

“பூட்டலேன்னா இந்த மலையில இனிமே ஒனக்குப் பாரம் கெடையாது.”

“வேணாம். வெறும் வண்டியோட இறங்குறேன். மாட்டோட இறங்குறேன்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் வண்டியை ஓரத்து மரத்தடிக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன்.   அந்த மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லி எடுபடவில்லை. 

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் ஓட்டிய முதல் வருசம், இதே இறக்கத்தில் மரச்சட்டம் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மேலே பாதை கொஞ்சம் சமமாகத்தான் தெரியும். அங்கே மாட்டை விட்டு ஓட்டி, வளைவு வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வளைவு வந்தது. வண்டி நிற்கவில்லை. சக்கரத்தை அழுத்தும் கட்டையைக் கயிற்றால் இழுத்து இறுக்கினேன். விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்ததில் கட்டை தீய்ந்து புகை கிளம்பிற்று. கருகின கட்டை எதையும் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். பாரம் முழுக்க நுகத்தடி மேல் சாய்ந்து மாட்டின் கழுத்தைத் தாண்டிக் கொம்பில் போய் முட்டியது. பின்னாலிருந்து தள்ளுகிற வண்டிக்கு மாடு என்ன செய்யும்? ஓடத்தான் செய்யும். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக மலைப்பக்கம் ஒடித்தேன். மண் சுவரில் மோதி நின்றோம். செவலைக்குத் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. எனக்கு இரண்டு பல் போயிற்று.

அதற்குப்பிறகு முகட்டிலிருந்தே மெதுவாக இறங்கினேன். இறக்கம் தொடங்கிய பிறகு வேகத்தைக் குறைக்கலாம் என்பது நடக்காத காரியம். இறங்குவதற்கு முன்னாலேயே குறைந்திருக்க வேண்டும். கட்டையை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினேன். நாலு வளைவுக்கு ஒரு தரம் நிறுத்திச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வருசம் இப்படி இறங்கினேன். ஒரு நாள்கூட மாட்டுக்குக் கீறல் விழவில்லை. மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேருவேன். அதற்கும் சிரித்தார்கள்.

மேஸ்திரி எனக்குப் பதிலாக வேறு ஒரு சோடியைப் பூட்டச் சொன்னார். பாய்லருக்கு ஒட்டினாற்போல, ஆகக் கடைசியில் நின்றது கூடலூர் அண்ணன் ஒருவருடைய சோடி. கறுத்த, பெரிய ஆள். வாயில் எப்போதும் வெற்றிலை. என்னைப் பார்த்துச் சிரிக்காத இரண்டொருத்தரில் அவரும் ஒருத்தர். அவர் பூட்டும்போது நான் போய்ச் சொன்னேன்.

“அண்ணே, நீங்களாவது வேணாம்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டு என்ன ஆத்தா பண்ணட்டும்? வீட்டுல ஆறு வாயி.” அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முட்டுக்கல்லை எடுத்தார்கள். பாய்லர் அசையவில்லை. எட்டுச் சோடியும் ஒரே மூச்சாக இழுத்தன. அசைந்தது. அசைந்த பிறகு யாரும் இழுக்கத் தேவையில்லாமல் போயிற்று. முதல் வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. சங்கிலி தொய்ந்தது. முன்னால் போன மாடுகளின் பின்காலில் சங்கிலி மாட்டியது. பாய்லரின் இரும்புத் தண்டு கூடலூர் அண்ணனின் சோடியைத் தள்ளிக்கொண்டு போனது. இடப்பக்கத்து மாடு முழங்கால் மடங்கி விழுந்தது. அதன் மேல் தண்டு ஏறிற்று. அண்ணன் குதித்து உருண்டார். அவர் பிழைத்தது ஆண்டவர் புண்ணியம். விழுந்த மாட்டின் மேல் தண்டு முட்டித் திரும்பியதால் பாய்லர் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவரில் போய்ச் சாய்ந்தது. இல்லாவிட்டால் எட்டுச் சோடியும் கூடவே எட்டு ஆளும் பள்ளத்துக்குள் போயிருப்பார்கள்.

மாட்டுக்கு இரண்டு முன்காலும் ஒடிந்துவிட்டன. அதை அப்படியே விட முடியாது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வேறு ஒருத்தர்தான் அதை முடித்துவைத்தார்.

“நீ பயந்து மாட்ட விட்டுட்ட. அதான் இப்படி ஆச்சு” என்று மேஸ்திரி அவரைப் பார்த்துச் சொன்னார். அந்த மாடு இன்னும் சூடாகக் கிடந்தது.

நான் மரத்தடியிலிருந்து எழுந்து போனேன். என்ன பேசினேன் என்று வரிக்கு வரி நினைவில்லை. அந்த அண்ணன் விடவில்லை, உங்கள் புத்திதான் விட்டது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். மேஸ்திரி கையை ஓங்கினார். அந்நேரத்துக்குக் குதிரைச் சத்தம் கேட்டது. சாமான் இறக்குவதைப் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் மேலேயிருந்து வந்துவிட்டார். வயசு அதிகமில்லை. வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. பாய்லரையும் செத்த மாட்டையும் பார்த்து ஏதோ கேட்டார். மேஸ்திரி இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். அதில் இரண்டு தரம் என்னை நோக்கிக் கை நீண்டது. துரையின் முகம் என்னைப் பார்த்துச் சுருங்கியது. என்னைப்பற்றி என்ன சொன்னாரோ, நல்லதாக இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

எனக்கு இங்கிலீசு தெரியாது. துரைக்குத் தமிழ் அரைகுறை. நான் பேசுவதை மேஸ்திரி எப்படித் திருப்பிச் சொல்வார் என்றும் தெரியும். அதனால் பேசவில்லை. என் வண்டியை ஓட்டிவந்தேன்.

“அண்ணே, ஏர்க்காலப் பிடிங்க” என்று கூடலூர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் வந்து ஏர்க்காலைத் தோளில் வைத்துப் பிடித்தார்.  வீட்டுக்காரரை இறக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கனத்துக்குப் பாதையோரம் கிடந்த மரச்சட்டத்தை வண்டியில் பாதிப் பாரம் ஏற்றினேன். மாட்டை முன்னாலிருந்து அவிழ்த்து, வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய், முகட்டைப் பார்த்து நிற்கும்படி திருப்பினேன். நுகத்தடியிலிருந்து வண்டியின் பின்கட்டைக்கு வடக்கயிறு கட்டினேன். வண்டி இறக்கத்தைப் பார்க்கிறது, மாடு ஏற்றத்தைப் பார்க்கிறது.

“விடுங்கண்ணே.”

வண்டி இறங்கப் பார்த்தது. கயிறு விறைத்தது. மயிலையும் செவலையும் ஏற்றத்தில் பாரம் இழுப்பது மாதிரி முன்னால் சாய்ந்தன. நான் ‘பின்னால, பின்னால’ என்று மூக்கைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு அடியாகப் பின்காலை எடுத்து வைத்து இறங்கின. வண்டி ஆமை மாதிரி போயிற்று. பதினைந்து அடி போனதும் ‘ஹோ’ என்றேன். மாடு நின்றது. வண்டியும் நின்றது. அண்ணன் ஏர்க்காலைவிட்டுக் கையை எடுத்துக் காட்டினார்.

துரை குதிரையைவிட்டு இறங்கினார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பாய்லரைப் பார்த்தார். மேஸ்திரியிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.  துரை என்னைப் பார்த்துத் தன் அரைகுறைத் தமிழில், “நீ… செய்வாயா?” என்றார்.

“செய்வேன். ஆனா நாஞ் சொல்றபடிதான் நடக்கணும்.”

 இந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வராது, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். அசைப்பதற்கு முன்னாலேயே பின்சக்கரம் இரண்டையும் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும், அடியில் பலகை கொடுக்க வேண்டும். கட்டின சக்கரம் உருளாது, பலகையோடு சேர்ந்து சறுக்கும். வடக்கயிறு கோயில் தேர்வடம் மாதிரி கனமாக வேண்டும். பாதையோரம் மரம் இருக்கிற இடத்தில் வடத்தை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மரம் இல்லாத இடத்தில் மாடு பின்னாலிருந்து பிடிக்கும். தேருக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகின நாலு பேர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நிற்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முடியாது. இரண்டு நாள் ஆகும்.

ஒவ்வொன்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னதில் துரைக்குப் புரிந்தது, தலையாட்டினார்.

“இன்னும் ரெண்டு இருக்கு” என்றேன். “இரும்புத் தண்டத் திருப்ப முன்னால ஒரு சோடி வேணும். அது மேஸ்திரி ஐயா சோடி. அவுகளே பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்கணும்.”

மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார். “என்னையவா சொல்ற?”

“வேலைய நடத்துறவுக எங்கன நிக்கணும்னு நீங்கதானே தெனமும் சொல்றீக. முன்னாலன்னு சொல்லுவீகல்ல. நடங்க.”

“ரெண்டாவது?” என்றது துரை இல்லை. கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ.

“வேல முடிஞ்சதும் அந்தச் சோடியில ஒரு மாடு இந்த அண்ணனுக்கு. செத்தது ஐயா சொன்னதக் கேட்டுச் செத்துச்சு.”

ஓரத்தில் நின்ற மலையாளத்துக் காவல்காரர் ஒருத்தர் அரை வார்த்தை துரை பாசையிலும் அரை வார்த்தை எங்கள் பாசையிலுமாக அதைத் துரைக்கு விளக்கிச் சொல்லிவிட்டார். மேஸ்திரி தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.  துரை மேஸ்திரியைப் பார்த்து விரலைப் பாதைப் பக்கம் நீட்டினார்.

மறுநாள் காலையில் பாய்லரைச் சுவரிலிருந்து நெம்பி நேராக்கிவிட்டு இறங்கத் தொடங்கினோம். மேஸ்திரி தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தன் வெள்ளைச் சோடியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். கூடலூர் அண்ணன் முட்டுக்கட்டை ஆட்களோடு நடந்தார். நான் பின்னால், நாலு சோடி மாட்டோடு. வண்டிக்குள்ளேயே இருக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் இறங்கி வந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டார். காய்ச்சல் இல்லாத நாள் அது.

“ஒக்காருங்க.”

“பலகை காஞ்சா யாரு தண்ணி ஊத்துறது?” என்றார். குடத்தை அவரிடமே விட்டுவிட்டு மாட்டுக்குப் போனேன்.

அந்த இரண்டு நாளில் என் காதில் ஒரே சத்தம்தான். கட்டின சக்கரம் பலகையில் அறைந்து உரசிக்கொண்டு சறுக்குகிற சத்தம். பல்லெல்லாம் கூசும். ஐம்பது அடிக்கு ஒரு தரம் பலகை புகைந்தது. ‘ஹோ’ என்றதும் முட்டுக்கட்டை விழும், வடம் மரத்தில் இறுகும், பாய்லர் நிற்கும். வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுவார். சுர்ரென்று ஆவி கிளம்பும். தேய்ந்த பலகையை உருவி வேறு பலகை கொடுப்பார்கள். மறுபடி ‘விடு’. அவசரப்பட்டவர்களை நான் வைத வசவு இந்த வாழ்நாளுக்குப் போதும். முதல் நாள் சாயங்காலம் பாதி இறக்கத்தில், பாதை அகலமான இடத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுப் படுத்தோம்.

இரண்டாம் நாள் உச்சிப் பொழுதில் அது நடந்தது. பாதையில் ஆகச் செங்குத்தான இடம். மலைப்பக்கம் வெறும் பாறை. வடம் சுற்ற மரம் கிடையாது. நாலு சோடியும் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தன. வலத்துச் சக்கரத்துச் சங்கிலி ‘டங்’கென்று அறுந்தது. கட்டு விட்ட சக்கரம் உருண்டது. மற்றச் சக்கரம் சறுக்கிக்கொண்டே இருந்ததால் பாய்லரின் தலை பள்ளத்துப் பக்கம் திரும்பத் தொடங்கிற்று. என் மயிலை முழங்காலைப் பாறையில் ஊன்றியது. அப்படியே இழுபட்டது. அதன் முழங்காலிலிருந்து தோல் உரிந்து பாதையில் ரத்தம் கோடு போட்டது.

“முட்டு! முட்டு!”

கட்டை விழுந்தது. சக்கரம் அதை ஏறித் தாண்டிவிட்டது. முன்னால் பார்த்தேன். மேஸ்திரி பயந்துபோய்க் கயிற்றை விடப் பார்க்கிறார். வெள்ளைக் காளைகள் ஓடத் துடிக்கின்றன. அவை ஓடினால் தண்டு திரும்பி எல்லாம் பள்ளத்தில்தான். என் வாயில் ஒரு வார்த்தை வந்தது. எழுத முடியாத வார்த்தை. அதைச் சொல்லிக் கத்தினேன். “கயித்த விட்ட, ஒன்னையும் சேத்துத் தள்ளுவேன். மலைப்பக்கம் திருப்பு! மலைப்பக்கம்!”

அவர் விடவில்லை. இதையும் எழுத வேண்டும். இரண்டு கையாலும் காளைகளின் மூக்கைப் பிடித்துத் தொங்கி, மலைப்பக்கம் திருப்பினார். தண்டு திரும்பியது. கூடலூர் அண்ணன் ஒரு பெரிய பாறைத் துண்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் போட்டார். போட்ட கையை எடுப்பதற்குள் சக்கரம் வந்து முட்டியது. அவருடைய நடுவிரல் நகத்தோடு நசுங்கியது. பாய்லர் முட்டி, குலுங்கி, நின்றது.

 மேஸ்திரி தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நடுக்கம் வருகிற நாளாக இருந்தும், வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்தியபடியே குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். பலகைக்கு ஊற்றுகிற அதே குடம்.

சங்கிலியை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டிக்கொண்டு மிச்சத்தை இறங்கினோம். பொழுது சாயும்போது சமதரையில் சக்கரம் உருண்டது. மயிலைக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கட்டினேன். மேஸ்திரி தன் சோடியில் ஒரு காளையை அவிழ்த்துக் கூடலூர் அண்ணனிடம் கயிற்றைக் கொடுத்தார். அண்ணன் கட்டுப்போட்ட கையால் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் கம்பம் சந்தைக்குப் போனேன். நடுச்சந்தையில் மேஸ்திரி நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாய்லரைத் தான் இறக்கினதாகவும், பின்மாடு கட்டுகிற யோசனை தனக்குத்தான் வந்ததாகவும். நான் கூடையை இறக்கிவைத்தேன்.

“ஐயா முன்னால நடந்தாக, அது நெசந்தான்” என்றேன் சத்தமாக. “எதுக்கு நடந்தாகன்னும் கேட்டுக்கங்க.”

கூடலூர் அண்ணன் அங்கேதான் நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகச் சொன்னார். சந்தை சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போயிற்று.

மேஸ்திரி அதற்குப்பிறகு எனக்குப் பாரம் கொடுக்கவில்லை. சொன்னபடியே செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அண்ணனும் மலைத் தோட்டக்காரர்களுக்கு ஏலக்காய் மூட்டை இறக்கப் போனோம். அந்த மாசக் கடைசியில் சுண்ணாம்பு அரைக்கிற உருளை ஒன்றை இறக்க மேஸ்திரி வண்டிக்காரர்களைக் கூப்பிட்டபோது, பின்கயிறும் சங்கிலியும் வந்து சேருகிற வரைக்கும் ஒருத்தர்கூட மாட்டைப் பூட்டவில்லையாம். அரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் உண்டு. எனக்கு அந்தச் செய்தி வந்த நாளில் என் வீட்டில் கறி ஆக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் போனேன். இறக்கத்தில் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன் என்று சொன்னேன். என்ன வார்த்தை என்று சாமியார் கேட்டார். சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார்.

“அவருகிட்ட மன்னிப்புக் கேப்பியா?”

“மாட்டேன் சாமி.”

“கேட்டா பரிகாரமாப் பத்துப் பரலோக மந்திரம் செபிச்சாப் போதும்.”

“கேக்காட்டி?”

“இருபது” என்றார்.

மறுநாள் பூசை முடிந்து, திங்கட்கிழமை வெறும் வண்டியோடு மலை ஏறும்போது, கூடலூரிலிருந்து முகடு வரைக்கும் இருபதையும் சொல்லி முடித்தேன்.